ஜான் ஹண்டர்

தாயின் கருப்பையில் வளரும் சிசுவுக்கு உணவும் பிராணவாயுவும் அளிப்பது நஞ்சுக்கொடி. பிரசவத்தின்பின் மண்ணிற் புதைக்கப்படும் இவ்வுறுப்பின் இயல்பை உலகம் நெடுங்காலம் செவ்வனே அறிந்திலது. தாயின் இரத்தக் குழாய்களும் சிசுவின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று நேரே இணைந்துள்ளன என்றே பலர் எண்ணி வந்தனர். அவ்வெண்ணம் மாறுதற்குக் காரணராயிருந்த ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

ஜான் ஹண்டர் 1728-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்திலே லாங் கால்டர்வுட் என்னும் இடத்தில், பத்து மக்களுள் இளையவராய்ப் பிறந்தார். ஏட்டுக் கல்வியில் அவருக்கு நாட்டமில்லை. பறவைகளையும் பூச்சிகளையும் உற்று நோக்குவதே அவருடைய இளமைக் கல்வி. தமையனார் வில்லியம் ஹண்டர் அவருக்குப் பத்தாண்டு மூத்தவர். லண்டன் மாநகரில் உடற்கூறு பயிற்றும் பள்ளியொன்றை நடத்தி வந்தார். 1748-ஆம் ஆண்டில் ஜான் அவரிடம் உதவியாளராய் அமர்ந்தார்.

1754-ஆம் ஆண்டில், பேறுகாலம் நெருங்கிய ஓர் அம்மையார் இறந்தனர். மக்கென்ஸி என்னும் வைத்தியர் அவ்வுடலின் இரத்தக் குழாய்களிலே நிறமூட்டிய மெழுகைச் செலுத்தி, அதனை ஆராயுமாறு ஜானை அழைத்தார். தாயின் இரத்தம் நஞ்சுக்கொடியிலுள்ள இடைவெளிகளிற் பாய்ந்து, தாயின் குழாய்கள் வழியே மீள்கின்றது என்பதும், சிசுவின் இரத்தமோ தன் குழாய்களுக்குள்ளேயே சுழல்கின்றது என்பதும் அப்பொழுது புலனாயின.

இவ்வுண்மையை வில்லியம் தம் மாணவர்க்குப் போதித்தார்; 1774-ஆம் ஆண்டில் 34 படங்களோடு கர்ப்பாசயத்தைப் பற்றிய பெருநூலொன்றும் வெளியிட்டார். தமக்குரிய பங்கு தக்கவாறு கூறப்படவில்லையெனக் கருதிய ஜான், 1780-ஆம் ஆண்டில் ராயல் சங்கத்திற்கு எழுதித் தம் உரிமையை நிலைநாட்ட முயன்றார். தமையனார் அதனை மறுத்தார். சங்கத்தார் அவ்வழக்கைத் தம் வெளியீட்டிற் பதிப்பித்திலர். ஆனால் உடன்பிறந்தார் பிரிந்தனர். 1783-ஆம் ஆண்டில் வில்லியம் மரணப் படுக்கையிற் கிடந்தபோது ஜான் சென்று பணிபுரிந்தார். எனினும் பிதிரார்ஜித நிலம் மருமகனார் மாத்யூ பெய்லிக்கே எழுதப்பட்டது. பெய்லியோ அதனைத் தம் மாமனாகிய ஜானுக்கே ஈந்தார்.

அம்மை குத்தும் முறையை உலகிற்களித்த எட்வர்ட் ஜென்னர் ஜானின் மாணாக்கர். ஜான் திரட்டிய காட்சிச்சாலையில் ஏறத்தாழ 14,000 பொருள்கள் இருந்தன. 1793-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், செயின்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் நடந்த கூட்டமொன்றில் வாதமிடுகையில் மார்பு நோயுற்று அவர் உயிர் நீத்தார்.

மெழுகினால் இறந்த உறுப்பின் அமைப்பைக் காணலாம். உயிருள்ள உறுப்பின் தொழிலைக் காணவியலாது. விலங்குகளின் நஞ்சுக்கொடியோ மனிதருடையதினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஆதலின் அறிஞர் வேறு வழி நாடினர். 2018-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார், கர்ப்பத்தின் முதன் மாதங்களுக்குரிய நஞ்சுக்கொடியினின்றும் உயிரணுக்களை எடுத்து, கூழ்போன்ற ஊடகத்தில் நுண்ணிய திசுவுருண்டைகளாக வளர்த்தனர். அவை சுரந்த ஹார்மோனால் கர்ப்பப் பரிசோதனையும் கர்ப்பம் உண்டெனவே காட்டிற்று! கருச்சிதைவு, கர்ப்பகால இரத்தக் கொதிப்பு ஆகியவற்றின் மூலத்தை ஆராய இவை துணைபுரிகின்றன.

ஒரு கண்டுபிடிப்பின் புகழுக்காக இரு பேரறிஞர் உடன்பிறப்பையே இழந்தனர். அக்கண்டுபிடிப்புக்கு உடலளித்த அம்மையாரின் பெயரோ அவ்விருவர் எழுதிய பக்கங்களிலும் இல்லை. இன்று இவ்வாராய்ச்சிக்குத் தம் திசுவை மனமுவந்து ஈயும் பெண்டிரின் பெயரும் வெளிவருவதில்லை. ஆயினும் அவர்தம் சம்மதம் கேட்டே பெறப்படுகின்றது. சாஸ்திரம் பயிலும் நம் மாணவர் புகழினும் இதனைப் பெரிதாக மதிப்பாராக.