பாவைகளை மறவாத கதைப் புலவர்

உலகத்துச் சிறார்க்கெல்லாம் கதை விருந்தளித்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், டென்மார்க்கு நாட்டின் ஓடென்ஸ் நகரில் 1805-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் காலணி தைத்துப் பிழைத்த ஏழை. எனினும் அவர் மைந்தனுக்குத் தம் கையாலேயே பாவையரங்கொன்று செய்தளித்தார். அரபுக் கதைகளையும் படித்துக் காட்டினார். பின்னர்ப் படையிற் சேர்ந்து, உடல்நலங் குன்றித் திரும்பி, 1816-இல் உயிர் நீத்தார். பதினோரு வயது மைந்தனுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் அப்பாவையரங்கே எனலாம்.

அன்னையார் பிறர் துணிகளை வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். மைந்தனோ துணித் துண்டுகளைக்கொண்டு பாவைகளுக்கு ஆடை தைத்திருந்தான். அந்நேர்த்தியைக் கண்ட அன்னையார் அவனைத் தையற்காரனாக்க விழைந்தார். அவன் உள்ளமோ நாடக மேடையையே நாடிற்று. 1819-இல், 14 வயதில், தன்னந்தனியே கோபன்ஹேகன் சென்றான்.

நடிப்புத் துறையில் அவர்க்கு இடங் கிட்டவில்லை. யோனாஸ் கோலின் என்னும் பெருந்தகை அரசர்பால் உதவி பெற்று, 1822-இல் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். பதினேழு வயது இளைஞர் தம்மினும் மிக இளைய சிறுவரோடு அமர்ந்து பயில நேர்ந்தது. தலைமையாசிரியர் அவரை இகழ்ந்தார். கவி புனைதலையும் தடுத்தார். இத்தகைய ஏளனத்திற்கு ஆளானவர் பலர், தம் பிள்ளைமையை நாணி மறைப்பர். ஆண்டர்சனோ அதனைக் காத்து வைத்தார்.

1835-இல் அவருடைய முதற் கதைத் தொகுதி வெளிவந்தது. 1838-இல் வெளியான ஒரு கதையில், பழைய ஈயக் கரண்டியொன்றினின்று வார்க்கப்பெற்ற 25 பொம்மைச் சிப்பாய்களுள், ஈயம் போதாமையால் ஒற்றைக் காலோடு நின்றவனே தலைவனாயினான். குறையுற்ற விளையாட்டுப் பொருளிலும் உயிரைக் கண்ட கண் அது!

புகழ் பெற்ற பின்னரும் அவர் கத்தரிக்கோலைக் கைவிட்டாரல்லர். கதை சொல்லிக்கொண்டே காகிதத்தை மடித்து வெட்டுவார். கதை முடிவில் அதனை விரித்தால் அன்னங்களும் ஆடல் மகளிரும் அரண்மனைகளும் தோன்றும். மணம் புரியாத அவர், பிறர் வீட்டுக் குழந்தைகட்கு அவற்றைப் பரிசாக வழங்கினார். அவற்றுள் நூற்றுக்கணக்கானவை இன்றும் பேணப்பெறுகின்றன.

முதுமையில், நோயுற்றிருந்த 1873, 1874-ஆம் ஆண்டுகளில், அச்சிட்ட படங்களை வெட்டியொட்டி, எட்டுப் பகுதிகள் கொண்ட மடக்குத் திரையொன்றை அமைத்தார். அவற்றுள் ஒன்று குழந்தைப் பருவத்தையும், மற்றொன்று நாடகத்தையும் காட்டுவன. 1875 ஆகஸ்டு 4-ஆம் நாள் மறைந்தார்.

ஏழைத் தந்தையொருவர் ஒரு மகனுக்கென அமைத்த சிற்றரங்கு, அம்மகன் வாயிலாக உலகத்துக் குழந்தைகட்கெல்லாம் பொதுவாயிற்று. வளர்ந்தோம் என்னும் செருக்கால் அவர் அதனைத் துறந்திருப்பின், இழந்திருப்போர் நாமே.