பாதை கேட்ட மனிதர் – இரட்டைமலை சீனிவாசன்



சர்வே பிராக்டிகலில் செயின் இழுத்த அனுபவம் நம்ம சிவில் பசங்க எல்லாருக்கும் இருக்கும். 30 மீட்டர் செயின். தருமபுரி வெயிலில் ஒரு முனையைப் பிடித்து நின்றால் அடுத்த முனை எங்கேயோ இருக்கிற மாதிரி தெரியும்! 1893-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் ஒரு மனு தயாரானது. அதன் நீளம் 112 அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 34 மீட்டர் சொச்சம். நம்ம செயினைத் தாண்டி இன்னும் நாலு மீட்டர்! அதில் 3412 பேரின் கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பக்கம் போக வழியில்லாத ஒரு சமூகத்தில், அந்தக் காலத்தில், இத்தனை பேரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கியவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

இவர் 1860-இல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். படித்தது கோயம்புத்தூரில். சுமார் நானூறு பேர் படித்த அந்தக் கல்லூரியில் பத்துப் பேர் தவிர மற்றவர் எல்லாம் பிராமணர்கள். கூடப் படிப்பவர்கள் ஊரையும் உறவையும் விசாரித்து ஜாதியைத் தெரிந்துகொண்டு விடுவார்களோ என்று பயந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவாராம். விளையாட்டுக்கும் போகமாட்டாராம்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்தபோது எல்லாரும் கேட்ட கேள்வி, எந்த ஊரு என்பது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஊரில் எந்தப் பக்கம். அந்தக் கேள்விக்கு அர்த்தம் நம் எல்லாருக்குமே தெரியும். நான் காலனியைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். அப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்!

ஆனால் அவர் அப்படியே ஒளிந்துகொண்டு இருந்துவிடவில்லை. நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையை ஆரம்பித்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை. அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லப் பயந்தாரோ அதையே கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தெருவில் விற்றார்! நாலே பக்கம்தான். இரண்டு நாளில் சுமார் 400 பிரதிகள் போய்விட்டன. இந்தப் பெயர் வேண்டாம் என்று நினைத்தவர்களும் அதே சமூகத்தில் இருந்தார்கள். அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதரே வேறு கருத்து உடையவர்தான். அது பெரிய விவாதம், இங்கே இடம் போதாது.

மனு விஷயத்துக்கு வருகிறேன். ஐ.சி.எஸ். தேர்வு அப்போது லண்டனில் மட்டும் நடந்தது. இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசனின் மனு, கூடாது என்றது. இதை வைத்து அவரை வெள்ளைக்காரர் ஆள் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவரே நாளைக்குக் கலெக்டராக வந்து உட்கார்ந்தால் மனுவை யாரிடம் கொடுப்பது? அவருடைய பயம் அது.

அதே 1893-இல்தான் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை நிறத்துக்காக ரயிலைவிட்டு இறக்கினார்கள். சீனிவாசனும் பின்னாளில் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். லண்டன் போகக் கிளம்பியவர், வழியில் ஆப்பிரிக்காவிலேயே தங்க வேண்டியதாயிற்று. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்பார்கள். அங்கே நிறத்தால் பிரித்தார்கள், இங்கே பிறப்பால். இரண்டையும் கண்ணால் பார்த்தவர் அவர்.

1921-இல் திரும்பி வந்தார். 1923-இல் சென்னை சட்டசபை உறுப்பினரானார். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் என்னைப் பொறுத்தவரை அவர் செய்ததிலேயே பெரிய காரியம். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், பொது இடம் எதையும் யாரும் பயன்படுத்தலாம். அவ்வளவுதான் தீர்மானம்! சபை நிறைவேற்றியது, 1925-இல் அரசிதழிலும் வந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்ததும் அதே நேரம்தான். அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது 1955. அதற்கு முப்பது வருஷம் முன்னாடியே நம்ம ஆள் தெருவுக்குத் தீர்மானம் போட்டுவிட்டார்.

தீர்மானம் வந்தது, சரி. ஊருக்கு வந்ததா? நம்ம பகுதி அப்போது சேலம் மாவட்டம். 1965-இல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. எங்க தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது, அதாவது அரசிதழில் வந்து முப்பது வருஷம் கழித்து, பெரிய தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாராம். சீனிவாசனைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஒண்ணும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் எந்த ஊர்க்காரர் என்று மட்டும் கேட்டார்.

1930-இலும் 1931-இலும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தவர் இவர். 1932 பூனா ஒப்பந்தத்திலும் இவருடைய கையெழுத்து இருக்கிறது. திவான் பகதூர் பட்டம் வந்தது. 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார்.

சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்துக்குள்ளேயே அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போகிற ஜூனியர்கள், பீச்சுக்குப் போகிற வழியில் அரைமணி நேரம் அங்கேயும் இறங்கிப் பாருங்கள். நான் தாத்தாவைக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன், செமஸ்டர் லீவில்.

– மூன்றாம் ஆண்டு, சிவில்