கார்பெட் துரையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியும்

கோச்சடை முத்தையா சுவாமி கோவிலில் நிற்கும் பெருங்குதிரைகளைக் கண்டு வளரும் நம் சிறுவர்க்கு வேட்டைக் கதையில் ஆசை மிகுவது இயல்பே. பழைய நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பெரியோர் பேசத் தொடங்கினால் அவர்கள் உறக்கத்தையும் மறப்பர். அவ்வாசையை நல்வழிப்படுத்தும் பொருட்டு, அத்தகைய துப்பாக்கியுடன் வேட்டை பயின்று, பின்னர் வனவிலங்குகளுக்குக் காவலராய் விளங்கிய ஜிம் கார்பெட் துரையின் சரித்திரத்தை இங்குச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலில் பிறந்தார். தபால் அதிகாரியாயிருந்த தந்தையாரை இளமையிலேயே இழந்தார். குளிர்காலத்தில் குடும்பத்தார் அடிவாரத்துக் காலாதுங்கியில் வசிப்பது வழக்கம். அங்கே பாலப் பருவத்தில் அவர் கைக்கு வந்தது, வாய்வழி மருந்து கெட்டிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று. அதன் வலக்குழல் பிளந்து பயனற்றிருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் பிணிக்கப்பட்டிருந்தன. எஞ்சியது ஒரே குழல். ஆதலின் ஒரே வெடி.

இத்தகைய துப்பாக்கியின் இயல்பை அறிந்தாலன்றி அதன் பெருமை விளங்காது. ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது கரிமருந்து. அதனை அளந்து குழலினுள் பெய்து, அடைப்பு வைத்து, கெசக்கோலால் இறுக்கி, ரவையிட்டு, மீண்டும் அடைத்து, கேப்பு பொருத்திய பின்னரே சுடலாம். மருந்து நனைந்தால் வெடியாது. அளவு மிஞ்சினால் குழல் பிளக்கும். சுட்டவுடன் வெண்புகை கண்ணை மறைக்கும். மறுமுறை கெட்டித்து முடிக்குமுன் விலங்கு ஓடி மறையும். அன்றி வேடன்மேற் பாயும். ஆகையால் அவன் காற்றின் போக்கறிந்து, சருகு ஒலியாது நடந்து, அருகணைந்து, குறி தப்பாதெனத் தெளிந்த பின்னரே விசையை இழுப்பான். இப்பொறுமையே அவ்வேட்டையின் இன்பம்.

சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவரும் தாகூர் குலத்தவருமான குன்வர் சிங், காட்டு வழிகளை மனத்திற் பதித்துக்கொள்ளும் வித்தையைச் சிறுவருக்குப் போதித்தார். வெள்ளைக்காரப் பிள்ளை ஒரு கிராமத்தாரிடம் சீடனாய் அமர்ந்தமை கருதத்தக்கது.

பின்னர் கார்பெட் மொகாமா துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கு மாற்றும் வேலையை நடத்தினார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பெற்ற சம்பாவத் பெண்புலியை 1907இலும், 125 பேரைப் பலிகொண்ட ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926இலும் வீழ்த்தினார். அக்காலத்தில் அவர் கையிலிருந்தவை புதிய துப்பாக்கிகளே. ஆயினும் வழிநடத்தியது இளமையிற் பயின்ற பொறுமையேயாம்.

விளையாட்டுக்காகவும் அவர் வேட்டையாடியதுண்டு. அதனை மறைத்தல் தகாது. ஆயினும் காடு வறிதாவதைக் கண்டு மனம் வருந்தி, துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை ஏந்தினார். 1936இல் ஹெய்லி தேசிய வனம் அமைவதற்குத் துணைநின்றார். அது பின்னர் அவர் பெயரையே தாங்கலாயிற்று. 1947இல் கென்யாவுக்குச் சென்ற அவர், 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி நியேரியில் காலமானார்.

அன்பர்களே! 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. எனினும், வீட்டுப் பெரியோர் துப்பாக்கிக் கதை கூறுங்கால் கொன்ற கணக்கை மட்டும் கூறாதொழிக. ஒரே வெடியைக் கையில் வைத்துக்கொண்டு, சுடாமல் திரும்பிய நாட்களையும் பிள்ளைகளுக்குக் கூறுக. உண்மை வீரம் அங்கேதான் உளது.