நஞ்சை அளந்து கொடுத்தவர்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எல்லோருக்கும் தெரியும். நஞ்சையும் அளந்து கொடுத்தால் மருந்தாகும் என்று காட்டியவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் 1895-ல் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். உடன்பிறந்தவர்கள் இருவர் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மருத்துவம் படிக்கும்போது கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. மனுஷன் அசரவில்லை. 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ராத்திரியில் ஆஸ்பத்திரி எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்குடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்ட முறை இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது.

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவர் குழு போலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. ஆனால் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அந்த வகைப் பொருளை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்தது. அப்படியானால் அதைத் தடுக்கும் பொருள் நோயை அடக்குமா? சுப்பாராவ் குழு அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்தது. பூட்டுக்குள் நுழையும், திறக்காமல் மாட்டிக்கொள்ளும் போலிச் சாவி மாதிரி அது. செல்கள் பெருக முடியாது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்தக் கட்டுரை வந்தது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53.

அதே அமினோப்டெரினை எலிப்பாஷாணமாகப் பயன்படுத்த 1951-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள்!

அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்று முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. இந்த நோய்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டு, எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. கூடவே எழுதித் தரும் போலிக் ஆசிட்டும் பெரும்பாலும் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான், மாறிப்போவது சுலபம். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது.

பாலத்துக்கும் பாய்லருக்கும் நாம் தாராளமாகப் பாதுகாப்பு வரம்பு வைக்கிறோம். இங்கே அது ரொம்பக் குறைச்சல். ஆகவே நண்பர்களே, அப்பா அம்மாவின் மாத்திரைப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் இருந்தால், எந்தக் கிழமை என்று அட்டை மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். தவறிப்போய் அதிகம் சாப்பிட்டிருந்தால் வாய்ப்புண், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஃபோலினிக் ஆசிட் என்ற மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.