ராத்திரி கதவைத் தட்டிய மூணு பேர்

வேலூர் சி.எம்.சி-யைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. ஆனா, அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு முதல்ல இங்கே இருக்கவே பிடிக்கலைங்கிறது தெரியுமா?

1870-ல் ராணிப்பேட்டையில், மிஷனரி டாக்டரின் மகளாகப் பிறந்தவர். அமெரிக்காவிலேயே செட்டிலாகணும்னுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்தார்.

ஒருநாள் ராத்திரி மூணு பேர், ஒருத்தர் பின் ஒருத்தரா கதவைத் தட்டினாங்க. மூணு பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வலி. அப்பா டாக்டர்தான், ஆனா ஆண் டாக்டர் வேண்டாமாம், ஐடாதான் வரணுமாம். அவருக்கோ வைத்தியமே தெரியாது. விடிஞ்சப்போ மூணு பெண்களும் உயிரோட இல்லை.

ஐடா அமெரிக்கா போனார், மருத்துவம் படிக்க. 1899-ல் டாக்டர் பட்டம், 1902-ல் வேலூரில் பெண்களுக்காக 40 படுக்கையோட ஆஸ்பத்திரி. கடைசிவரை கல்யாணம் பண்ணிக்கலை.

பைபிளில் நீதிமொழிகள் 31-ம் அதிகாரத்தில் ஒரு குணசாலியான பெண் வருவாள். விடியுமுன்னே எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு கொடுப்பதை மட்டும்தான் நாம அதிகம் பேசுறோம். அவள் நிலம் வாங்குவாள், திராட்சைத் தோட்டம் போடுவாள், ஏழைக்குக் கை நீட்டுவாள். அதெல்லாம் சௌகரியமா மறந்துபோச்சு! ஐடா பிடிச்சுக்கிட்டது அந்த நீட்டிய கையை.

தான் ஒருத்தி போதாதுன்னு 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சார். சேர ஆளே வராதுன்னாங்க, விண்ணப்பம் குவிஞ்சது. பையன்களுக்கு அங்கே இடம் கிடைச்சது 1947-லதான்.