விக்டோரியா ராணியின் வசந்த கால ரயில்

1882-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி.

லண்டனுக்கு அருகே உள்ள வின்ட்சர் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. கறுப்பு உடை அணிந்த, குள்ளமான ஒரு மூதாட்டி இறங்கி வந்தார். காத்திருந்த குதிரை வண்டியில் ஏறி அமர்ந்தார். வண்டி புறப்பட்டது.

டுமீல் என்று ஒரு சத்தம்! கூட்டத்தில் நின்ற ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டுவிட்டான்.

நல்ல வேளை, குண்டு யார் மீதும் படவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட மாணவர்கள் குடையாலேயே அவனை அடித்தார்கள். போலீசார் ஓடிவந்து பிடித்தார்கள். அவன் சித்த சுவாதீனம் இல்லாதவன் என்று பிறகு கோர்ட்டில் தெரிந்தது.

தப்பிய மூதாட்டி வேறு யாரும் அல்ல. இங்கிலாந்தின் அரசியும், இந்தியாவின் சக்கரவர்த்தினியுமான விக்டோரியா மகாராணிதான். அப்போது அவருக்கு வயது 62.

வேறு ஒருவராக இருந்தால், சில காலம் ரயில் நிலையத்தின் பக்கமே தலை வைத்திருக்க மாட்டார். ராணியோ அதே மாதத்தில் மகளை அழைத்துக்கொண்டு தெற்குப் பிரான்சுக்கு ரயில் ஏறினார்.

அதன் பிறகு 17 ஆண்டுகளில் மேலும் எட்டுத் தடவை அந்தக் கடற்கரைக்குப் போனார். அந்தப் பயணங்களின் கதையிலே அவருடைய குடும்பத்தின் கதையும் அடங்கி இருக்கிறது.

மகுடமும் மணவாழ்வும்

விக்டோரியா 1819-ம் ஆண்டு மே 24-ந் தேதி லண்டனில் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாயின் கடுமையான காவலில் வளர்ந்தார். அரசியாகும் நாள்வரை தாயின் அறையில்தான் படுக்கை.

1837-ல், 18-வது வயதில் அவர் அரசி ஆனார். 1840-ல் ஜெர்மனியைச் சேர்ந்த இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தார். அது அவர் மனம் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். ஒன்பது குழந்தைகள் பிறந்தன.

1842-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி ராணி முதல் முறையாக ரயிலில் ஏறினார். வின்ட்சருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்லவ் என்ற ஊரிலிருந்து லண்டன் பாடிங்டன் நிலையத்துக்கு வந்தார். சுமார் 25 நிமிஷப் பயணம். ரயில் அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வேகம் மட்டும் கடைசிவரை பிடிக்கவில்லை.

1861-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி ஆல்பர்ட் காலமானார். விஷக் காய்ச்சல் என்றார்கள் வைத்தியர்கள். அப்போது கணவருக்கும் வயது 42. மனைவிக்கும் வயது 42.

அன்று கறுப்பு உடை உடுத்திய ராணி, பிறகு அதை மாற்றவே இல்லை.

எலுமிச்சை மணக்கும் கரை

இங்கிலாந்தில் குளிர்காலம் என்றால் பனிமூட்டமும் மழையும்தான். சூரியனைக் காண்பதே அபூர்வம். தெற்குப் பிரான்சு அப்படி அல்ல. முன்னால் நீலக் கடல்; பின்னால் வாடைக்காற்றைத் தடுக்கும் மலை. நடுவே ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆலிவும் காய்த்துக் குலுங்கும். நோயாளிகளை அங்கே போய் இருக்கும்படி வைத்தியர்கள் அனுப்புவது வழக்கம்.

1864-ல் நீஸ் நகருக்கு ரயில் வந்தது. 1869-ல் இத்தாலி எல்லையை ஒட்டிய மென்டோனுக்கும் வந்துவிட்டது. குதிரை வண்டியில் நாள் கணக்கில் குலுங்கிக்கொண்டு போன தூரத்தை, படுத்துக்கொண்டே கடக்கலாம் என்று ஆகிவிட்டது.

மென்டோனில் ஒரு பணக்காரர் தம் மாளிகையை ராணிக்கு ஒழித்துக் கொடுத்தார். 1882-ல் ராணி முதல் முதலாகத் தங்கியது அங்கேதான்.

மூட்டை முடிச்சு

ஒரு குடும்பம் ஊருக்குப் போவதென்றால் என்னென்ன கவலை உண்டோ, அத்தனையும் ராணிக்கும் உண்டு. எங்கே தங்குவது, யார் யாரை அழைத்துப் போவது, எதை எதை எடுத்துப் போவது? வெளிநாட்டுப் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பதற்கென்றே அரண்மனையில் ஓர் அதிகாரி இருந்தார்.

போகிறவர்கள் 60 பேருக்குக் குறைவதில்லை. பிற்காலத்தில் 100 பேர் வரையில் ஆனது. வைத்தியர், காரியதரிசி, தோழிப் பெண்கள், சமையல்காரர்கள், வண்டிக்காரர்கள் எல்லோரும் உண்டு. 1887-க்குப் பிறகு இந்தியப் பணியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். குதிரைகளும் வண்டிகளும் முன்கூட்டியே போய்விடும். ராணியின் சிறு வண்டியை இழுக்க ஜாக்கோ என்ற கழுதை கூட உண்டு!

சொந்தக் கட்டிலும் மேஜையும் நாற்காலியும் உடன் போகும். கணவரின் படமும் மறக்காமல் போகும். எந்த ஊரில் படுத்தாலும், கட்டிலின் தலைமாட்டில் அந்தப் படம் தொங்க வேண்டும்.

கப்பலில் கடலைக் கடந்து, பிரான்சின் வடகரையில் ஷெர்பூர் துறைமுகத்தில் இறங்குவார்கள். அங்கே தனி ரயில் காத்திருக்கும். அதில் இரண்டு பெட்டிகள் ராணிக்கே சொந்தமானவை. பெல்ஜியம் நாட்டிலே வைத்துப் பாதுகாக்கப்பட்டவை. ஒன்று பகலில் உட்கார. மற்றொன்று இரவில் உறங்க. படுக்கைப் பெட்டியில் இரண்டு கட்டில்கள். ஒன்று ராணிக்கு, ஒன்று கடைசி மகள் பீட்ரிசுக்கு.

அங்கிருந்து நீஸ் சுமார் 900 மைல். ரயில் வேகமாக ஓடக் கூடாது என்பது ராணியின் உத்தரவு. இரவில் இன்னும் மெதுவாகப் போகவேண்டும். காலையில் ராணி குலுங்காமல் உடை உடுத்துவதற்காக வழியிலே வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

பட்டத்து ராணி என்று போனால் வரவேற்பும் மரியாதையும் தொல்லை அல்லவா? அதனால் பால்மோரல் சீமாட்டி என்ற பெயரில்தான் பயணம். ஆனால் அது யார் என்பது வழியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்!

மகனை இழந்த ஊர்

ராணியின் எட்டாவது குழந்தை லியோபோல்டு. நல்ல அறிவாளி. ஆனால் பிறவியிலேயே ஒரு நோய். சிறு காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. விழுந்துவிடுவானோ, அடிபட்டுவிடுவானோ என்று தாய் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். அந்தக் காவலே மகனுக்குச் சிறையாகத் தோன்றியது. பிடிவாதம் பிடித்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். 1882-ல் கல்யாணமும் செய்துகொண்டார். பெண் குழந்தை ஒன்றும் பிறந்தது.

1884-ம் ஆண்டு குளிர்காலத்தில் மூட்டுவலி அதிகமாயிற்று. தெற்குப் பிரான்சில் உள்ள கான் நகருக்குப் போகும்படி வைத்தியர்கள் சொன்னார்கள். மனைவி கர்ப்பிணி. அதனால் அவர் இங்கிலாந்தில் தங்கிவிட்டார்.

மார்ச் 27-ந் தேதி கான் நகரில் ஒரு சங்கத்தின் படிக்கட்டில் லியோபோல்டு கால் வழுக்கி விழுந்தார். முழங்காலில் அடி. மறுநாள் விடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. 31 வயது நிறைய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அண்ணன் வேல்ஸ் இளவரசர் போய்த் தம்பியின் உடலை எடுத்துவந்தார். நான்கு மாதத்துக்குள் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அது தந்தையின் முகத்தைக் காணவில்லை.

மகனைப் பலிகொண்ட கரைக்கு ராணி இனிமேல் போவாரா என்று பலரும் நினைத்திருக்கலாம். 1887-ல் அவர் போனார். நேரே கான் நகருக்கே போனார். மகன் உயிர் விட்ட வீட்டைக் கண்டார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட மாதா கோயிலில் நின்று கண்ணீர் விட்டார்.

எங்கே இழந்தாரோ, அங்கே போய் நின்றால்தான் அந்தத் தாயின் மனம் ஆறியது.

அம்மாவை விட்டுப் போகாத மகள்

எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. கடைசி மகள் பீட்ரிஸ் மட்டும் தாயுடன் இருந்தார். கடிதம் எழுதுவது, புத்தகம் படித்துக் காட்டுவது, ரயிலில் பக்கத்துக் கட்டிலில் படுப்பது எல்லாம் அவர்தான்.

ஒரு நாள் பீட்ரிசும் தமக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றார். பேட்டன்பர்க் இளவரசர் ஹென்றி! ராணிக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல. பல மாதங்கள் மகளோடு வாய் திறந்து பேசவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, துண்டுக் காகிதத்தில் எழுதித் தள்ளுவார். கடைசியில், கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் தம்முடனேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் சம்மதித்தார். 1885-ல் கல்யாணம் நடந்தது.

நாளடைவில் மருமகன் மீது ராணிக்குப் பாசம் பெருகியது. நான்கு பேரக் குழந்தைகள் பிறந்தன. ஒருவனுக்கு லியோபோல்டு என்றே பெயர் வைத்தார்கள். மாமனின் பெயரோடு மாமனின் நோயும் அவனுக்கு வந்து சேர்ந்தது!

1896 ஜனவரியில் மற்றோர் இடி விழுந்தது. ஆப்பிரிக்கப் போருக்குப் போன ஹென்றி, காய்ச்சல் கண்டு கப்பலிலேயே இறந்தார். அந்த ஆண்டு வசந்தத்தில் நீஸ் நகரில் தாயும் விதவை, மகளும் விதவை. இருவருக்கும் கறுப்பு உடை.

முன்ஷியால் வந்த சண்டை

1895 முதல் ராணி நீஸ் நகரையே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அங்கே சிமியே என்ற மேட்டில் அவரை மனத்தில் வைத்தே ரெஜினா என்ற பிரம்மாண்டமான ஓட்டலைக் கட்டினார்கள்.

1897-ல் அங்கே புறப்படும்போது பெரிய தகராறு மூண்டது. காரணம், அப்துல் கரீம் என்ற இந்தியர். ஆக்ராவில் குமாஸ்தாவாக இருந்து, ராணிக்குப் பணிவிடை செய்ய வந்தவர். ராணிக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்து முன்ஷி ஆனார். ராணி அவரிடம் மிகுந்த பிரியம் வைத்திருந்தார்.

முன்ஷியோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட அரண்மனை அதிகாரிகள் விரும்பவில்லை. அவர் வந்தால் நாங்கள் ராஜிநாமா செய்வோம் என்று முடிவு கட்டினார்கள். ஒரு தோழிப் பெண் போய் இதைச் சொன்னார். ராணி கையை வீசி, மேஜை மேல் இருந்த சாமான்களை எல்லாம் தரையில் தள்ளிவிட்டார். பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபுவே தலையிட்டுச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று.

கடைசியில் முன்ஷியும் நீஸ் நகருக்கு வந்தார், அதிகாரிகளும் வந்தார்கள். மனக்கசப்பும் கூடவே வந்தது. தம்முடன் ரயிலில் யார் வருவது என்பதைக்கூட ஒரு சக்கரவர்த்தினி போராடித்தான் முடிவு செய்ய முடிந்தது!

கழுதை வண்டியில் ராணி

நீஸ் நகரில் ராணி மிகவும் சாதாரணமாகப் பழகினார். காலையில் கழுதை வண்டியில் தோட்டத்தைச் சுற்றுவார். மாலையில் குதிரை வண்டியில் வெகுதூரம் போவார். வழியில் காணும் ஏழைகளுக்குக் காசு கொடுப்பார். கால் வழங்காத ஒரு பிச்சைக்காரர், நாய் பூட்டிய சிறு வண்டியில் ராணியின் வண்டியோடு போட்டி போட்டு ஓட்டிவருவார். ராணி சிரிப்பார்.

நகரில் பூக்களை வீசி விளையாடும் திருவிழா நடக்கும். பேரக் குழந்தைகளோடு உட்கார்ந்து ராணியும் பூக்களை எறிவார். 1898-ல் பிரான்சு ஜனாதிபதியே நேரில் வந்து அவரைக் கண்டார்.

போகாத பயணம்

1899-ம் ஆண்டு மே மாதம் ராணி நீஸ் நகரை விட்டுப் புறப்பட்டார். அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. பிரான்சில் மக்கள் போயர்கள் பக்கம் நின்றார்கள். அங்குள்ள பத்திரிகைகள் ராணியைக் கேலிச்சித்திரம் போட்டுத் தாக்கின.

1900-ம் ஆண்டு, எல்லைக்கு அப்பால் இத்தாலியில் உள்ள போர்டிகெரா என்ற ஊருக்குப் போக ஏற்பாடாகி இருந்தது. பிரான்சைக் கடந்துதான் ரயில் போகவேண்டும். பயணம் ரத்து ஆயிற்று. வெயிலைத் தேடிப் போக இருந்த 80 வயது மூதாட்டி, அந்த ஏப்ரலில் அயர்லாந்துக்குப் போனார்.

ஜூலையில் இரண்டாவது மகன் ஆல்பிரட் இறந்தார். முன்பே மகள் ஆலிஸ் போய்விட்டார், லியோபோல்டும் போய்விட்டார். மூன்றாவது பிள்ளையையும் பறிகொடுத்த தாய், அதன் பிறகு தேறவே இல்லை. 1901-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, ஆஸ்பார்ன் மாளிகையில் பிள்ளைகளும் பேரர்களும் சூழ்ந்திருக்கக் கண்ணை மூடினார். வயது 81.

40 ஆண்டு கறுப்பு உடுத்தியவருக்கு, அவர் விருப்பப்படியே வெள்ளை உடை உடுத்தி, கல்யாணத்தன்று அணிந்த முக்காட்டையும் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள்.

உடலைக் கப்பலிலும் பிறகு ரயிலிலும் லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பாடிங்டனில் மீண்டும் ரயில் ஏற்றி, வின்ட்சருக்குக் கொண்டுபோனார்கள். 1842-ல் இளம் அரசியாக முதல் முறை எந்தத் தண்டவாளத்தில் வந்தாரோ, அதே தண்டவாளத்தில் திரும்பிப் போனார்.

அவரோடு ரயிலில் எத்தனையோ முறை போன பீட்ரிஸ், அதன் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் பெரும்பகுதியைத் தாயின் நாட்குறிப்புகளைப் பிரதி எடுப்பதிலேயே செலவிட்டார். அம்மா போன பிறகும் அம்மாவின் வேலை அவரை விடவில்லை!