கண்ணொளி காத்த கிறேஃபே



ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டுள்ளனர் என்று எண்ணிப் பார்த்து அவரது பெருமையை மதிப்பிடும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் சுட்டியே இதற்கு வழிகோலியது. புள்ளிகளால் மனிதரை அளப்பது, பள்ளிக்கூடத்தில் நெடுநாள் விடைத்தாள் திருத்திய எனக்குப் புதியதன்று. ஆயினும் இந்த அளவுகோலுக்குள் எளிதில் அடங்காத ஒருவரை இங்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன்.

அல்பிரெக்ட் ஃபொன் கிறேஃபே 1828ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பேர்லினில் பிறந்தார். புகழ்பெற்ற அறுவை மருத்துவரான தந்தையை 12 வயதில் இழந்தார். 19ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்று, பிராக், பாரிஸ், வியன்னா, லண்டன் நகரங்களுக்குச் சென்று கற்றார். பிராக்கில் ஆர்ல்ட் என்னும் பேராசிரியரிடம் பயின்றபோதே அவரது நாட்டம் கண் மருத்துவத்தின்பால் திரும்பியது.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள்ளே விழித்திரையைப் பார்க்க உதவும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதுவரை இருள் அறையாகவே இருந்த இடம் அது. அதன் அருமையை உடனே உணர்ந்த கிறேஃபே, பேர்லினில் கண் மருத்துவமனையொன்றை நிறுவி, ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தார். 1854இல், தமது 26ஆம் வயதிற்குள், கண் மருத்துவத்திற்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். முதல் தொகுதியின் பெரும்பகுதியை எழுதியவரும் அவரே. அடுத்த ஆண்டில் ஆர்ல்ட்டும் ஒல்லாந்தரான டொண்டர்ஸும் ஆசிரியர் குழுவில் இணைந்தனர்.

குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும்போது அழுத்தம் ஏறுகின்றது. பின்புறமுள்ள பார்வை நரம்பு நசுங்கி நலிகின்றது. அவ்வாறு போன பார்வை மீளாது. இந்நோய் கடுமையாகத் தாக்கினால், வேதனையோடு குருடாவதைத் தவிர அக்காலத்தில் நோயாளருக்கு வேறு கதியில்லை. கிறேஃபே புதிய கருவியால் நரம்பின் முனையைக் கண்டு, அது புடைத்திருப்பதாக முதலில் எழுதினார். உண்மையில் அது குழிந்திருந்தது. பிழையை உணர்ந்ததும் தயங்காது திருத்தி எழுதினார். அவரது சாதனைகளுள் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். தாம் நடத்தும் இதழில் தம்மையே திருத்துவது எல்லோர்க்கும் எளிதன்று.

வேறு கண்நோய்களுக்காகக் கதிராளியின் சிறு துண்டை வெட்டியகற்றும்போது கண்ணின் அழுத்தம் தணிவதைக் கவனித்திருந்த அவர், அதே அறுவையைக் குளுக்கோமாவிற்குச் செய்து பார்த்தார். கடும் நோயுற்ற கண்கள் பிழைத்தன. 1857இல் இதனை வெளியிட்டார். நாட்பட்ட நோயில் பயன் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. அழுத்தம் ஏன் தணிகின்றது என்பதற்கு நிறைவான விளக்கம் பிற்காலத்திலேயே கிடைத்தது. இன்று மருத்துவர்கள் லேசர் கதிரால் கதிராளியில் சிறு துளையிடுவது இதன் வழிவந்த முறையே.

1859இல் விழித்திரை நாடி அடைபடுவதால் திடீரெனப் பார்வை இழப்பதை விளக்கினார். 1860இல் மூளைக் கட்டியுள்ளோரின் பார்வை நரம்பு வீங்குவதை விவரித்தார். கண்புரை அறுவையையும் சீர்படுத்தினார். தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்போரின் மேலிமை, கண் கீழ்நோக்கும்போது பின்தங்குவதை மருத்துவ மாணவர் இன்றும் கிறேஃபே அறிகுறி என்றே படிக்கின்றனர். அதைக் குறிப்பிடும் எவரும் 1864இல் வெளியான மூலக் கட்டுரையைத் தேடுவது அரிது. பொது அறிவாகிவிட்ட கண்டுபிடிப்பை மேற்கோள் சுட்டி கணக்கில் கொள்வதில்லை.

1866இல் பேர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஆனால் காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1870 யூலை 20இல், 42ஆம் வயதில் காலமானார். தெயோடோர் லேபர், யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் முதலிய மாணவர்கள் அவரது பணியைத் தொடர்ந்தனர். அவர் தொடங்கிய இதழ் இன்றும் அவர் பெயரைத் தாங்கி வெளிவருகின்றது.

பேர்லினுக்குச் செல்லும் பிள்ளைகள் சாரிற்றே மருத்துவமனை வளாகத்தின் ஓரத்தில், 1882இல் நிறுவப்பட்ட அவரது சிலையைக் காணலாம். இருமருங்கும் நோயாளரின் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. நடுவே நிற்கும் கிறேஃபேயின் கையில் இருப்பது, கண்ணுக்குள் பார்க்க உதவிய அந்தச் சிறு கருவி.